போய் வாருங்கள், தங்கசாமி அவர்களே

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமையல் குறிப்புக்குப் போகலாம். எனக்கு வருத்தமில்லை.

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எங்கள் தங்கசாமி சாருக்கு ராத்திரியில் வேலை கிடையாது. அவர் வந்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். தெருவில் ஒரு நாய்கூட நடக்காத நேரத்தில்.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். இராமநாதபுரத்தில் பஸ் ஏறி ராமேசுவரம் பாதையில் வந்தால் நடுவில் எங்கேயோ இறங்க வேண்டும், அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் அந்த நூலகத்துக்கு ஒருவரும் போகமாட்டார்கள். இப்போதும் ஒருவரும் போவதில்லை என்பது வேறு விஷயம்.

நூலகமும் என் வீடும் ஒரே ஓட்டுக் கட்டடத்தின் இரண்டு பாதிகள். நடுவில் ஒரே சுவர். அங்கே இருமினால் இங்கே என் அடுப்படியில் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. சுவர்தான் மெல்லிசு.

தங்கசாமி சார் 1974இல் வந்தார். ஊருக்கு முதல் நூலகர். நெட்டையான ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, கல்யாண வீட்டில்கூடச் சிரிக்காத முகம். அவரிடம் இரண்டு பழக்கம். இரண்டையும் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒன்று, தேதி முத்திரை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், எந்தத் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும் என்று குத்துவார்களே, அது. மைப்பெட்டி எப்போதும் காய்ந்து கிடக்கும். அதனால் முத்திரையை வாய்க்கு நேராகப் பிடித்து 'ஹா' என்று ஊதுவார். மூச்சின் ஈரம் பட்டு மை இளகும். உடனே சீட்டில் ஓங்கி ஒரு குத்து.

ஹா... டக்.

பன்னிரண்டு வருஷம் நான் கடுகு தாளித்ததே இந்தச் சத்தத்தோடுதான்.

இரண்டாவது, நிற்பது. தேதி தாண்டியும் புத்தகம் வரவில்லை என்றால், மதியம் நூலகத்தைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விடுவார். வாசலில் நிற்பார். திட்டமாட்டார். புத்தகத்தைக் கேட்கவும் மாட்டார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற நேரம். வாசலில் ஓர் ஆள் நெட்டுக்குத்தாக நிற்கும்போது சோறு தொண்டையில் இறங்குமா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவி, புத்தகத்தைத் தேடிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த நிற்கிற வித்தையை வைத்தே மனிதர் ஒரு வரலாற்றுக் கழகத்தை உண்டாக்கிவிட்டார். நூலகத்துக்குப் பின்கட்டில் ஒரு கூடம் சும்மா கிடந்தது. அதை நிரப்பவேண்டும் என்று அவருக்குப் பைத்தியம். காரங்காட்டில் ஒரு வீட்டில் பழைய மரச்சிலுவை இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போய் நிற்பார். நயினார்கோவில் பக்கம் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் எழுத்து வெட்டிய கல் கிடக்கிறது என்றால் அங்கே போய் நிற்பார். துருப்பிடித்த வாள், உடைந்த நங்கூரம், செப்புக்காசு, எல்லாம் இப்படி நின்று நின்று வந்ததுதான். என் மாமியாரின் பித்தளை வெற்றிலைப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. சோற்று நேரத்தில் மூன்று நாள் நின்றார். நாலாம் நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் நின்ற வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதாக ஒரு கதைகூடக் கிடையாது.

கழகத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். பூமிநாதன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம், எங்கே மைக் கண்டாலும் பிடித்துக்கொள்வார். கூடத்துச் சுவரில் பதித்த கல்லில் நிறுவனர் என்று அவர் பெயர் மட்டும்தான். தங்கசாமி சார் பெயருக்குக் கல்லில் இடம் போதவில்லையாம். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தாராளமாக இடம் இருந்தது.

1986 ஏப்ரலில் ஒரு காலை, தங்கசாமி சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். உடம்பைக் கூடத்திலேயே வைத்து, மாலை போட்டு, ஒரு மணி நேரம் ஊர் பார்க்க விட்டார்கள். பூமிநாதன் சார் மைக்கைப் பிடித்தார். நெடுநேரம் தன்னைப் பற்றிப் பேசினார். கடைசியில் குரலைத் தழுதழுக்க வைத்து, உடம்பைப் பார்த்துக் கையை நீட்டி முடித்தார்.

"போய் வாருங்கள், தங்கசாமி அவர்களே. போய் வாருங்கள்."

கூடத்தில் ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம்கூட 'வாரேன்' என்று சொல்வதில்லை. வாயைத் திறக்காமல் நழுவி வந்துவிடுவோம். இவர் செத்தவரையே வரச் சொல்கிறார். இரண்டு தடவை. மைக்கில்.

என் பக்கத்தில் பூக்கார வெள்ளையம்மாள் நின்றிருந்தாள். மாலை கொடுக்க வந்தவள். என் முழங்கையை இடித்தாள்.

"என்னத்தா இது, போனவுகளப் பாத்து வாங்கங்கறாரு?"

"மேடையில பேசிப் பேசிப் பழக்கம், விடு."

"கூப்பிடாத வீட்டுக்கே வந்து நிக்கிற மனுசன். கூப்பிட்டா சும்மா இருப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தங்கசாமி சாரின் மனைவி சோலையம்மாள் காரியம் முடிந்ததும் சொந்த ஊரான அபிராமத்துக்குப் போய்விட்டார். சைக்கிளை பஸ் மேலே ஏற்றியதை நானே நின்று பார்த்தேன்.

மே மாதம் புது நூலகர் வந்தாள். ஜோதிமேரி. தங்கச்சிமடத்துப் பெண். மேசைப் பெட்டியைத் திறந்து கணக்குப் பார்த்தால் மைப்பெட்டி இருக்கிறது, முத்திரை இல்லை. யார் எடுத்தார்கள் என்று ஊரில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நானும் இரண்டு பெயர் சொன்னேன். புது முத்திரை வரும்வரை அவள் தேதியைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

மதியம் பன்னிரண்டுக்குப் பூட்டினால் சாயந்தரம் நாலுக்குத்தான் திறப்பு. நடுவில் என் வீட்டில் வந்து சாப்பிடுவாள். வந்த இரண்டாவது வாரம் அது. தூக்குச்சட்டியைத் திறந்தாள். கணவாய் மீன் குழம்பு வாசனை அடுப்படி முழுக்க அடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்...

ஹா... டக்.

என் கை அப்படியே நின்றது.

"யாருக்கா உள்ள?" என்றாள் ஜோதிமேரி.

"நீதான பூட்டுன?"

"ஆமா. சாவி இந்தா இங்கன இருக்கு." மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். பிறகு மெதுவாக, "அது என்னக்கா... யாரோ மூச்சு விட்ட மாதிரி?"

அவள் தங்கசாமி சாரைப் பார்த்ததே இல்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை. நானே சொன்னதில்லை. நான் சொல்லாமல் விட்ட விஷயம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு இருவரும் சேர்ந்து திறந்தோம். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்கள் கொண்டி போட்டபடி இருந்தன. நாற்காலி மட்டும் பின்னால் நகர்ந்திருந்தது, யாரோ எழுந்து போனதுபோல.

மேசைமேல் ஒரு புத்தகம். காலையில் பூமிநாதன் சார் தேர்ந்தெடுத்து, சாயந்தரம் எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனது. ஜோதிமேரி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் பேனாவால் எழுதியிருந்த தேதி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ஊதா மையில் வேறொரு தேதி.

ஜூன் 12, 1986.

விரலால் தொட்டேன். மை ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் காயவில்லை.

அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு புத்தகங்கள். வேறு வேறு நாளில் எடுத்தவை. இரண்டிலும் அதே ஜூன் 12. இரண்டும் பூமிநாதன் சார் பெயரில். வேறு யாருடைய புத்தகத்திலும் ஊதா மை இல்லை. நான் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த நூலகத்தில் நான் இவ்வளவு புத்தகம் தொட்டது அப்போதுதான்.

"மேல எழுதிப் போட்டா என் வேல போயிரும்க்கா," என்றாள் ஜோதிமேரி. "நானே ஸ்டாம்ப ஒளிச்சு வச்சு வெளாடுறேம்பாக."

பூமிநாதன் சாரிடம் காட்டினோம். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பேய்க்கு எதுக்கு மயிலு ரப்பர் ஸ்டாம்பு? எவனோ களவாண்டு வச்சுக்கிட்டு வேல காட்டுறான். கையில சிக்கட்டும்."

என் முழுப்பெயர் பூமயில். ஊருக்கு மயிலு.

ஜூன் பிறந்தது. ஒரு சாயந்தரம் பூமிநாதன் சார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. கையில் ஒரு புத்தகம்.

"இது பங்குனியில எடுத்தது மயிலு. அவரு உசுரோட இருக்கையில. குடுக்க மறந்து பீரோவுல வச்சுப் பூட்டிப்புட்டேன். சாவி என் இடுப்புல."

திருப்பிப் பார்த்தேன். தங்கசாமி சார் குத்திய பழைய தேதி இருந்தது. அதன் கீழே இன்னொன்று.

ஜூன் 12.

"தேதி முடிஞ்சா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

தேதி முடிந்தால் தங்கசாமி சார் என்ன செய்வார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருவார். நிற்பார். வாங்காமல் போகமாட்டார்.

நாலு புத்தகத்தையும் பூமிநாதன் சார் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மதியமும் சத்தம் கேட்டது. தங்கசாமி சார் கேட்டது புத்தகம் இல்லை போலிருக்கிறது.

வெள்ளையம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டோம். பூக்கட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"வான்னு சொன்ன வாயிதான் போன்னு சொல்லணும். போங்க. அம்புட்டுத்தான். பின்னாடி வாங்கன்னு வால் ஒட்டப்படாது, வாத்தியாரய்யா."

"இதென்ன பெரிய காரியம்," என்றார். சொல்லிப் பார்த்தார். "போய்ட்டு வா..."

"போங்க," என்றாள் வெள்ளையம்மாள்.

"போய் வா..."

நாற்பது வருஷம் மேடையில் பழகிய நாக்கு. 'போங்க' என்று மொட்டையாகச் சொல்ல வரவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் வந்து சொல்லிப் பழகினார். போங்க. போங்க. போங்க. தெருவில் போனவர்கள் யாரை விரட்டுகிறாரோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 12. வியாழக்கிழமை.

பன்னிரண்டு மணிக்கு ஜோதிமேரி வாசல் கதவை உள்ளிருந்து சாத்தினாள். நாங்கள் மூன்று பேர். அவள் கையில் ஜெபமாலை. நான் கதவோரம். பூமிநாதன் சார் மேசைக்கு முன்னால், காலி நாற்காலியைப் பார்த்தபடி.

வெளியே காற்று இல்லை. கடல் பக்கமிருந்தும் சத்தம் இல்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. பின்கட்டில் வாளும் நங்கூரமும் என் மாமியாரின் வெற்றிலைப் பெட்டியும் இருட்டில் இருந்தன.

காத்திருந்தோம்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்.

டங்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில். மணல். சைக்கிள் இல்லை.

சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. நாற்காலி தரையில் உரசிப் பின்னால் நகர்ந்தது... பிறகு முன்னால் வந்தது. யாரோ உட்கார்ந்து இழுத்துப் போட்டுக்கொண்டதுபோல.

ஜோதிமேரி என் கையைப் பிடித்தாள்.

ஹா...

நீளமான மூச்சு.

மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது. பழைய மை வாடை அடித்தது.

டக் கேட்கவில்லை. முத்திரை எங்கேயோ மேலே தூக்கியபடி நிற்கிறது என்று தோன்றியது.

"சொல்லுங்க சார்," என்றேன்.

பூமிநாதன் சார் உதடு அசைந்தது.

"போ..."

ஹா...

"போங்க."

நாற்காலி கிறீச்சிட்டது.

"போங்க தங்கசாமி. இனிமே இங்க வேண்டாம். போங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

வாசலில் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம். டங். சைக்கிள் சங்கிலிச் சத்தம் தெருவில் நீண்டு... தேய்ந்து... மறைந்தது.

ஜோதிமேரி அழுதுவிட்டாள். நான் கதவை அகலத் திறந்தேன். வெயில் உள்ளே விழுந்ததும் உயிர் வந்தது. ஒரு காக்காய் கத்தியது. பூமிநாதன் சார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் பழையபடி ஆகிவிட்டது.

"பாத்தியா மயிலு. ஒரு சொல்லு. ஒத்தச் சொல்லுதான். தமிழோட..."

"சொற்பொழிவு பெறகு வச்சுக்கலாம் சார். வீட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க."

சிரித்தார். செருப்பை மாட்டினார். படியில் ஒரு கால் வைத்தார்.

பன்னிரண்டு வருஷமாக அந்த நூலகத்தை விட்டுக் கிளம்பும்போது அவர் செய்வது ஒன்று உண்டு. அன்றைக்கும் செய்தார். நினைத்துச் செய்யவில்லை. திரும்பி, நாற்காலியைப் பார்த்து, கையை லேசாகத் தூக்கி...

"அப்ப நான் வாரேன் சார்."

சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

உள்ளே...

ஹா...

டக்.

அவர் படியிறங்கி வெயிலில் வேகமாக நடந்தார். யார் எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் பார்க்கிற நான், அன்றைக்கு அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அதற்கு அடுத்து நடந்தது பூமிநாதன் சார் மனைவி சொன்னதுதான். சார் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். குழம்புச் சோறு முடிந்து ரசத்துக்கு வந்திருக்கிறார். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்திருக்கிறார்.

"யாரு நிக்கிறது? உக்காரச் சொல்லு."

"யாரும் இல்லையே."

"நிக்கிறாருல்ல. உக்காரமாட்டாரு அவரு. இரு, குடுத்துட்டு வாரேன்."

பாதி இலையில் எழுந்தார். கையைக் கழுவினார். வாசல்வரை நடந்தார்.

நிலைப்படியில் விழுந்து கிடந்தார். டாக்டர் வெயில் என்றார், நெஞ்சு என்றார். உள்ளங்கை இரண்டும் விரிந்து, எதையோ கொடுத்து முடித்ததுபோல இருந்ததாம்.

அவர் சாவுக்கு மைக் கட்டவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமும் கேட்கவில்லை. ஜோதிமேரி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

யாரோ முத்திரையைத் திருடி வைத்துக்கொண்டு விளையாடினார்கள், சார் பயத்தில் செத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருஷம் அப்படித்தான் நம்பினேன். நிம்மதியாகவும் இருந்தேன்.

1991இல் ஒரு கல்யாணத்துக்கு அபிராமம் போனேன். அவ்வளவு தூரம் போய்விட்டுச் சோலையம்மாளைப் பார்க்காமல் வர எனக்கு மனசு வருமா? மதியச் சாப்பாடு முடிந்ததும் போனேன். நல்லாத்தான் இருந்தார். முற்றத்தில் அந்தச் சைக்கிள் நின்றது. தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். ஊர்க்கதை எல்லாம் பேசினோம். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அந்தத் தேதி ஸ்டாம்ப எவன் எடுத்தான்னு கடைசிவரைக்கும் தெரியலையேக்கா."

"எவன் எடுத்தான்? அவுக கையிலதான இருந்துச்சு," என்றார் சோலையம்மாள். "உசுரு போகையில புடிச்ச புடி. வெரலப் பிரிக்கவே முடியல. சரி, அவுக பொருளு அவுகளோடயே போகட்டும்னு வேட்டியப் போட்டு மூடிட்டேன். கையோட சேந்து எரிஞ்சு போச்சு."

என் விரல் நுனியைப் பார்த்தேன். அன்றைக்கு ஊதா மை ஒட்டிய விரல்.

எழுந்தேன். 'வாரேன்க்கா' என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பேசாமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

பின்னாலிருந்து சோலையம்மாள் கூப்பிட்டார்.

"என்ன மயிலு, சொல்லாமக் கொள்ளாமப் போற?"

நான் திரும்பவில்லை.

"சொல்லிட்டுப் போத்தா. வாசல்லதான அவுகளும் நிக்கிறாக."